காதில் ஆகாத தோடும் காலில் வைத்த தகடும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கொட்டகலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக்குழுவினர் என்னிடம், "சுகாதாரத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசுங்கள்" என்று கேட்டார்கள். நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். ஆகவே இங்கே அதிகம் பேசப்படாத ஒன்றை எடுத்துக்கொண்டேன். முறிந்த என்பைப் பொருத்துவதற்கும், தேய்ந்த மூட்டை மாற்றுவதற்கும் உடம்புக்குள் உலோகம் வைக்கிறார்கள் அல்லவா? அந்த உலோகத்தை சிலருடைய உடம்பு ஏற்றுக்கொள்வதில்லை. அது ஏன், அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதே என் பேச்சு.

நான் வைத்தியர் அல்ல. 1982ஆம் ஆண்டு இந்தப் பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய வகுப்பைச் சேர்ந்தவள். தாதிப் பயிற்சி முடித்து, 33 வருடங்கள் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். முதல் 14 வருடங்கள் என்பு முறிவுச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருந்தேன். தகடு, இஸ்குரு, கம்பி எல்லாவற்றையும் எண்ணி எடுத்துக் கொடுப்பது என் வேலை. 2004இல் மாற்றம் கிடைத்து தோல் கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒவ்வாமைச் சோதனை செய்வது என் வேலையாயிற்று. உலோகத்தை உள்ளே வைக்கும் இடத்தையும், உலோகம் ஆகாதவர்கள் வரும் இடத்தையும் பார்த்தவள் என்பதால்தான் இதைப் பேசத் துணிந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. அது என் அம்மா.

அம்மா கொழுந்து பறித்தவர். 2003ஆம் ஆண்டு, தென்மேற்கு மழைக்காலம். அப்போது அவருக்கு 55 வயது. கூடை நிறையக் கொழுந்தோடு மடுவத்துக்கு இறங்கி வரும்போது கானில் கால் வழுக்கி விழுந்தார். வலது கணுக்கால் முறிந்தது. லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், சத்திரசிகிச்சை செய்து, ஒரு தகடும் ஆறு இஸ்குருவும் வைத்தார்கள். வேலை சுத்தமான வேலை. எக்ஸ்ரே படத்தை நானே பார்த்தேன். பத்தாம் நாள் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். காயம் நன்றாக ஆறியது.

மூன்றாம் மாதம் அரிப்பு தொடங்கியது. தகடு இருந்த இடத்துக்கு நேர் மேலே தோல் சிவந்து, கடுகு கடுகாக நீர்க்கொப்புளங்கள் வந்தன. சொறிந்தால் நீர் கசியும், காய்ந்தால் பொருக்குத் தட்டும். பூச்சு மருந்து பூசினால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். "கிருமி பிடித்திருக்கிறது" என்று மூன்று தடவை அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் அம்மாவுக்கு ஒரே அறிவுரைதான். "லயத்துத் தூசி படாமல் சுத்தமாக வைத்திருங்கள்."

அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானும் அதையே சொன்னேன். விடுமுறையில் வந்தபோது அம்மாவின் காலைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டேன். "நான் தாதியாக இருந்து என்ன பிரயோசனம், ஒரு காலைச் சுத்தமாக வைத்திருக்கத் தெரியாதா?" என்று கேட்டேன். அம்மா பதில் பேசவில்லை. அன்றிரவு வெந்நீர் வைத்து இரண்டு தடவை அந்தக் காலைக் கழுவினார். காம்பராவின் மங்கல் வெளிச்சத்தில் அவர் குனிந்து கழுவியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த வருடம் நான் தோல் கிளினிக்குக்குப் போனேன். அங்கே முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வாமை என்று வரும் பெண்களிடம் எங்கள் வைத்தியர் முதலில் கேட்பது மருந்தைப் பற்றி அல்ல. "கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகுமா? மணிக்கூட்டுப் பட்டிக்குக் கீழே அரிக்குமா? சட்டையில் ஊக்குக் குத்தினால் அந்த இடம் தடிக்குமா?" என்று கேட்பார். நிக்கல் என்ற உலோகத்துக்கு ஒவ்வாமை உண்டா என்று அறியும் கேள்விகள் அவை.

அதைக் கேட்டதும் எனக்கு அம்மாவின் காது நினைவுக்கு வந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அம்மாவின் காதில் இருந்தது வேப்பங்குச்சி. கலியாணத்துக்குப் போட்ட பொன் தோடு அடகுக் கடைக்குப் போய்த் திரும்பவில்லை. அதன்பின் திருவிழாக் கடையில் கவரிங் தோடு வாங்கிப் போட்டார். இரண்டே நாளில் காது வீங்கி நீர் வடிந்தது. மூன்று தடவை வாங்கினார், மூன்று தடவையும் அதே கதை. பிறகு குச்சியோடு நின்றுவிட்டார். அது வறுமையின் அடையாளம் என்று நினைத்து, சிறுமியாக இருந்தபோது நான் வெட்கப்பட்டதும் உண்டு. அந்தக் குச்சிக்குப் பின்னால் ஒரு வைத்தியக் குறிப்பு இருந்தது என்பது 38 வயதில்தான் எனக்கு விளங்கியது.

ஊருக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "ஒப்பரேஷனுக்கு முந்தி ஒவ்வாமை இருக்கான்னு உங்ககிட்ட கேக்கலியா?"

"கேட்டாங்களே. மருந்து ஒத்துக்காம போயிருக்கா, சாப்பாடு ஒத்துக்காம போயிருக்கான்னு கேட்டாங்க. இல்லேன்னேன். கவரிங்க பத்தி யாரும் கேக்கலியே புள்ள."

அம்மா பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னார். அவருக்குத் தெரிந்ததை வெளியே கொண்டுவரும் கேள்வி மட்டும் அங்கே கேட்கப்படவில்லை.

இனி, உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

என்பு முறிவுக்கு வைக்கும் தகடுகள் பெரும்பாலும் துருப்பிடிக்காத உருக்கினால் ஆனவை. இது சமையலறை உருக்கின் நெருங்கிய உறவு. உடம்புக்குள் வைக்கும் வகையில் நூற்றுக்கு 17 முதல் 19 பங்கு குரோமியமும், 13 முதல் 15 பங்கு நிக்கலும், 2 முதல் 3 பங்கு மொலிப்டினமும் இருக்கும், மீதி பெரும்பாலும் இரும்பு. முழங்கால், இடுப்பு மூட்டுகளுக்கு கோபால்ட்டும் குரோமியமும் கலந்த உலோகத்தை அதிகம் பயன்படுத்துவார்கள், அதில் நிக்கல் மிகச் சிறிதளவே உண்டு. மூன்றாவது வகை டைட்டேனியம். அதில் 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் சேர்த்த கலப்புலோகம் பெருவழக்கு.

'துருப்பிடிக்காத' என்பது முழு உண்மை அல்ல. உருக்கின் மேல் குரோமியம் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படையைப் போர்த்தி வைத்திருக்கிறது. அந்தப் படைதான் காவல். ஆனால் நம் உடம்புக்குள் இருப்பது உப்புநீர். நடக்கும்போது இஸ்குருவின் தலையும் தகடும் கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசுகின்றன. உரசும் இடத்தில் அந்தப் படை கிழிந்து மூடும், கிழிந்து மூடும். ஒவ்வொரு தடவையும் சிறிதளவு நிக்கல் கரைந்து வெளியே வரும். வியர்வையில் நனைந்த தோட்டில் நடப்பதும் இதுதான்.

கரைந்த நிக்கல் நம் உடம்பிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. நம்முடைய புரதம்தான், ஆனால் முகம் மாறிவிட்டது. காவல் கலங்கள் அதை அந்நியன் என்று எண்ணி, நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று, ரி கலங்களுக்குக் காட்டுகின்றன. ரி கலங்கள் நம் பழைய ஒழுக்காற்று ஆசிரியை மாதிரி. ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டால் ஆயுள் முழுக்க மறக்க மாட்டார்கள். அடுத்த தடவை அதே முகம் எங்கே தென்பட்டாலும், காதானாலும் காலானாலும், கூட்டமாக வந்து இறங்குவார்கள். வந்து சேர இரண்டு மூன்று நாள் எடுக்கும். அதனால்தான் இதைத் தாமத ஒவ்வாமை என்கிறோம். இறால் சாப்பிட்டவுடன் உதடு வீங்குகிறதே, அது வேறு வகை.

நிக்கல் இதில் தனிக் கெட்டிக்காரன். கிருமியை அடையாளம் காண்பதற்கென்று நம் கலங்களின் மேல் சில ஏற்பிகள் உள்ளன. அவற்றில் ஒன்றை நிக்கல் நேராகவே தட்டி எழுப்பிவிடுகிறது என்று 2010இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எலியின் ஏற்பியில் நிக்கல் ஒட்டும் இடம் இல்லை, மனிதருடையதில் உண்டு. இதனால் எலியில் பார்த்து மனிதருக்கு முடிவு சொல்ல முடியாது.

பெண்களுக்கு ஏன் இது அதிகம்? காது குத்துவதால். ஆறாத துளைக்குள் மலிவு உலோகத்தைப் போட்டு, ரி கலங்களுக்கு நாமே அறிமுகம் செய்து வைக்கிறோம். ஐரோப்பிய நாடுகளில் எடுத்த கணக்குகளில் பத்துப் பெண்களில் ஒருவருக்கு மேல் நிக்கல் ஒவ்வாமை காணப்பட்டது, ஆண்களில் மிகக் குறைவு. டென்மார்க் 1990இல் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் பின்தொடர்ந்தது. தோலில் நெடுநேரம் படும் பொருளின் ஒரு சதுர சென்ரிமீற்றரிலிருந்து வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்பது அந்த விதி. சட்டத்துக்குப் பின் காது குத்திய டென்மார்க் பெண்பிள்ளைகளிடம் இந்த ஒவ்வாமை குறைந்தது. தோட்டில் தொடங்கும் பிரச்சினையைத் தோட்டிலேயே நிறுத்த முடியும் என்பதற்கு இது சாட்சி.

அம்மாவின் கதைக்குத் திரும்புகிறேன். எங்கள் கிளினிக்கில் அவருக்கு ஒட்டுச் சோதனை செய்தோம். 1895இல் யதாசோன் என்ற ஜெர்மன் தோல் வைத்தியர் அறிமுகம் செய்த முறை அது. சிறு சிறு கிண்ணங்களில் நிக்கல், கோபால்ட், குரோமியம் முதலியவற்றை வசிலீனில் குழைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் வைத்திருப்போம். எடுத்த பிறகு ஒரு தடவையும், நான்காம் நாள் இன்னொரு தடவையும் பார்ப்போம். அதுவரை முதுகை நனைக்கக்கூடாது. "குளிக்காம இருன்னு நீ சொல்றியா?" என்று அம்மா சிரித்தார். முந்திய வருடம் நான் திட்டியதை அவர் மறக்கவில்லை. நான்காம் நாள் நிக்கல் ஒட்டிய இடம் சிவந்து, தடித்து, கொப்புளித்திருந்தது. மற்ற இடங்கள் வெறும் தோல்.

அத்துடன் தீர்ப்பு எழுதிவிட முடியாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். என்பு வைத்தியர் முதலில் கிருமித்தொற்று இல்லை என்பதை இரத்தப் பரிசோதனையால் உறுதி செய்தார். இஸ்குரு எதுவும் தளரவில்லை, என்பு பொருந்திவிட்டது என்பதை எக்ஸ்ரேயில் பார்த்தார். அதன் பிறகே, 14ஆம் மாதம், தகட்டை எடுத்தார். ஆறு வாரத்தில் தோல் பழையபடி ஆனது. பிறகு ஒருபோதும் அந்த அரிப்பு வரவில்லை. "தகட்டினால்தான் என்று நூற்றுக்கு நூறு சொல்ல மாட்டேன், ஆனால் எல்லாம் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன" என்றார் வைத்தியர். நல்ல வைத்தியரின் பேச்சு அப்படித்தான் இருக்கும். உடம்புக்குள் வைத்த உலோகத்தால் தோலில் கரப்பன் வந்ததை 1966இலேயே பிரான்சைச் சேர்ந்த தோல் வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இன்றுவரை இதை ஒரே சோதனையால் நிரூபிக்க வழியில்லை. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் இந்த இடத்துக்கு வரவேண்டும்.

இந்த இடத்தில் யாரும் பயந்துவிடக்கூடாது. இந்த மண்டபத்தில் தகடு வைத்தவர்கள், முழங்கால் மாற்றியவர்கள் பலர் இருப்பீர்கள். கவரிங் ஆகாதவர்களில் பெரும்பாலோருக்குக்கூட உள்ளே வைத்த தகடு எந்தத் தொல்லையும் தருவதில்லை. வலியும் வீக்கமும் வந்தால் அதற்குக் கிருமித்தொற்றோ தளர்வோ காரணமாக இருப்பதே அதிகம். ஆகவே, எல்லோருக்கும் சத்திரசிகிச்சைக்கு முன்னால் ஒட்டுச் சோதனை தேவை என்று வைத்தியர்கள் சொல்வதில்லை. கவரிங்கோ பட்டியோ ஆகாது என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவும்.

தோலுக்கு வெளியே தெரியாத இன்னொரு வகை எதிர்ப்பும் உண்டு. அதை விளக்க பக்கத்து நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

இடுப்பு மூட்டு மாற்றத்தை உலகத்துக்குத் தந்தவர் இங்கிலாந்தின் ஜோன் சார்ன்லி. அவர் ஆரம்பத்தில் மூட்டுக் கிண்ணத்துக்கு டெஃப்லோன் பயன்படுத்தினார். அது தேய்ந்து, தூள் சேர்ந்து, சுற்றியுள்ள சதை வீங்கிக் கெட்டது. அந்தத் தூள் உடம்புக்கு ஆகுமா என்று அறிய, அதைத் தன் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார். கட்டி வந்தது. 1962இல் வேறு பிளாஸ்டிக்குக்கு மாறினார், அதன் வழிவந்தவையே இன்றும் பயன்படுகின்றன. பொருள் முழுதாக இருக்கும்போது உடம்பு பொறுத்துக்கொள்ளலாம், தேய்ந்து தூளாகும்போது பொறுக்காமல் போகலாம். இதுதான் அதிலிருந்து கிடைத்த பாடம்.

அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பாடம் மறந்துபோனது. ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழுமத்தின் டிபுய் நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை விற்றது. பந்தும் கிண்ணமும் இரண்டுமே கோபால்ட்–குரோமிய உலோகம். உலோகத்தோடு உலோகம் உரசியதில் நுண்தூள் சேர்ந்தது. இரத்தத்தில் கோபால்ட்டும் குரோமியமும் ஏறின. சிலரின் மூட்டைச் சுற்றி நிர்ப்பீடனக் கலங்கள் திரண்டு, சதை அழுகி, கட்டிபோல் வீங்கியது. அது புற்றுநோய் அல்ல என்பதால் 'பொய்க்கட்டி' என்று பெயர் வைத்தார்கள்.

இதை முதலில் பிடித்தவர்கள் அவுஸ்திரேலியர்கள். அங்கே 1999 முதல் மூட்டு மாற்றங்களுக்கு ஒரு தேசியப் பதிவேடு உண்டு. யாருக்கு, எந்த நாள், எந்தக் கம்பனியின் எந்த மூட்டு என்று எழுதி வைக்கிறார்கள். ஏ.எஸ்.ஆர். வைத்தவர்கள் வழக்கத்துக்கு மேலாகத் திரும்பவும் சத்திரசிகிச்சைக்கு வருவது அந்தப் பதிவேட்டில் தெரிந்தது. 2009 முடிவில் அங்கே விற்பனை நின்றது. 2010 ஆகஸ்ட்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேருக்கு வைத்தாயிற்று.

இந்தியாவில் சுமார் 4,700 சத்திரசிகிச்சைகள் நடந்திருந்தன. 2017இல் இந்திய அரசு நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. 2018இல் அதன் அறிக்கை வெளிவந்தது. நட்டஈடு 30 இலட்சம் இந்திய ரூபாயிலிருந்து 1 கோடி 23 இலட்சம் வரை என்று கணக்கிட்டார்கள். ஆனால் யாருக்குக் கொடுப்பது? மூட்டு வைத்தவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தங்கள் இடுப்பில் இருப்பது எந்த மூட்டு என்று அறியாமலே பலர் வலியோடு வாழ்ந்தார்கள்.

ஓரிடத்தில் பதிவேடு இருந்தது, ஆபத்து தெரிந்தது. இன்னோரிடத்தில் எழுதி வைக்கவில்லை, நட்டஈடு இருந்தும் கொடுக்க ஆளைத் தெரியவில்லை. என் அம்மாவின் கதையும் இதுவே. உடம்பு சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே என் சகோதரிகளே, ஐந்து விடயங்களை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ சத்திரசிகிச்சை என்றால், ஒவ்வாமை பற்றிக் கேட்கும்போது மருந்தோடும் சாப்பாட்டோடும் நிற்காதீர்கள். கவரிங் தோடு, மணிக்கூட்டுப் பட்டி, ஊக்கு, ஜீன்ஸ் பொத்தான், இவற்றில் எது ஆகாதென்றாலும் சொல்லுங்கள். வீட்டு ஆண்கள் மேசன் வேலை செய்து, சீமெந்தால் கை வெடித்துக் கரப்பன் வந்தவர்கள் என்றால் அதையும் சொல்லச் சொல்லுங்கள். அது சீமெந்திலுள்ள குரோமியத்தால் இருக்கலாம். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இரண்டாவது, எந்த உலோகம் வைக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. ஒவ்வாமை உறுதியானவர்களுக்கு டைட்டேனியத் தகடும், மேற்பூச்சுப் போட்ட மூட்டும் உண்டு. விலை கூட. மூட்டை நோயாளியே வாங்கித் தர வேண்டிய சந்தர்ப்பங்கள் இங்கே உண்டு. கனடாவிலும் லண்டனிலும் இருந்து அம்மாவின் முழங்காலுக்குப் பணம் அனுப்பும் தங்கைமாரே, அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, உங்களுக்குக் கவரிங் ஒத்துக்கொள்ளுமா?" ஆனால் விபத்தில் வந்த முறிவுக்கு, டைட்டேனியம் வரட்டும் என்று காத்திருந்து காலை இழந்துவிடாதீர்கள். அவசரத்தில் உயிரும் காலும்தான் முதல். அரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, காகிதத்தைக் காப்பாற்றுங்கள். மூட்டோ தகடோ வரும் பெட்டியில் ஒட்டுத்தாள் இருக்கும். கம்பனியின் பெயர், இலக்கம், உலோகத்தின் பெயர் அதில் இருக்கும். அதன் பிரதி ஒன்றை டயக்னோசிஸ் கார்ட்டோடு சேர்த்துத் தரும்படி கேளுங்கள். லயக் கூரை ஒழுகும்போது நம் வீடுகளில் முதலில் நனைவது காகிதம்தான். கைத்தொலைபேசியில் படம் எடுத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.

நான்காவது, தகட்டுக்கு மேலே ஆறாத கரப்பனோ, மாற்றிய மூட்டில் தீராத வலியோ வீக்கமோ இருந்தால், கடையில் பூச்சு வாங்கிப் பூசிக்கொண்டு இருக்காதீர்கள். சில பூச்சுகள் கிருமித்தொற்றை மறைத்துவிடும். காய்ச்சல், சீழ், திடீர் வலி என்றால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அவை ஒவ்வாமையின் அடையாளங்கள் அல்ல. இவை எதுவும் இல்லாமல் மாதக்கணக்காக அரித்தால், தோல் கிளினிக்குக்கு ஒரு கடிதம் கேளுங்கள்.

ஐந்தாவது, சின்னப் பிள்ளைகளின் காது. துளை முழுதாக ஆறும்வரை மலிவு உலோகம் வேண்டாம். பொன்னுக்கு வழியில்லாவிட்டால் நம் பாட்டிமாரின் வேப்பங்குச்சி இருக்கிறது. நகையில் நிக்கல் இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்றுண்டு. டைமெத்தில் கிளையொக்சிம் என்ற திரவத்தைப் பஞ்சில் தொட்டு நகையில் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். நம் பாடசாலை இரசாயன ஆய்வுகூடத்திலேயே இதைச் செய்யலாம். உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகள் ஒரு நாள் தோடுகளைச் சேர்த்துச் செய்து பாருங்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். நூற்றாண்டு நினைவாக நாம் பல காரியங்கள் செய்கிறோம். அவற்றோடு ஒரு சிறிய அட்டையும் அச்சிடுவோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும், "எனக்குக் கவரிங் ஆகாது, நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம்" என்று ஒரு வரி. கீழே "என் உடம்பில் வைத்த உலோகம்" என்று எழுத ஒரு வெற்றிடம். நம் அம்மாமார் பலருக்கு வைத்தியசாலையில் பேச்சு வராமல் போவது விடயம் தெரியாததால் அல்ல. மொழி தெரியாததால், அல்லது "இதையெல்லாமா சொல்வது" என்ற கூச்சத்தால். அந்த அட்டை அவர்களுக்காகப் பேசட்டும். செலவின் ஒரு பகுதியை எங்கள் 1982 வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. நேற்றிரவு பேசி முடிவெடுத்துவிட்டோம்.

அம்மா இன்னும் இருக்கிறார். நடை தளர்ந்துவிட்டது, நினைவு தளரவில்லை. எடுத்த தகட்டை வைத்தியர் ஒரு சிறு போத்தலில் போட்டுத் தந்தார். அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். லயத்தில் யாராவது "ஒப்பரேஷனுக்குப் போறேன்" என்று சொல்லிக்கொள்ள வந்தால், அந்தப் போத்தலை எடுத்துக் காட்டுவார். "கவரிங் ஆகாதுன்னா டாக்டர்கிட்ட சொல்லிரு. கேக்காட்டியும் சொல்லிரு" என்பார்.

33 வருடத் தாதி வேலையில் நான் கற்றதை அம்மா இரண்டு வரியில் சொல்லிவிடுகிறார். அன்று நான் திட்டியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "போ புள்ள, அந்தத் தண்ணி இதமா இருந்துச்சு" என்றார்.